பிறந்த ஆண்டும் பிறந்த ஊரும்: கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் பி சோதனை

கர்ப்பம் உறுதியாகி முதன்முறை மருத்துவரிடம் போகும்போது கையிலிருந்து சில குழாய் இரத்தம் எடுப்பார்கள். இரத்தப் பிரிவு, இரத்தச்சோகை, சிபிலிஸ், எச்ஐவி என்று நீளும் பட்டியலில் ஹெபடைட்டிஸ் பி-யும் இருக்கும். பெரும்பாலோருக்கு ‘இல்லை’ என்று முடிவு வந்து தாள் கோப்புக்குள் போய்விடும். ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, இது எப்படி வந்தது என்பதுதான். தேடினால் பச்சை குத்தியது, இரத்தம் ஏற்றியது, சுத்தமில்லாத ஊசி, பலரோடு உறவு என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதைப் படித்த பெண் தன் வாழ்க்கையையே குற்றப்பத்திரிகைபோலப் புரட்டத் தொடங்குகிறாள். கணவன் தன் பங்குக்கு அவளுடையதைப் புரட்டுகிறான். பட்டியலில் பொய்யில்லை. அதைக் கையில் எடுக்கும் நேரம்தான் தவறு. யாரைச் சோதிப்பது என்று தீர்மானிக்க அது உதவாது. ஒருவருக்கு இருப்பது தெரிந்த பிறகு, அந்த வீட்டில் அடுத்து யாரைச் சோதிப்பது என்று பார்க்கவே உதவும். கர்ப்பிணியிடம் முதலில் கேட்டுப் பயனுள்ளவை இரண்டே கேள்விகள்: எந்த ஆண்டு பிறந்தீர்கள், எந்த ஊரில் பிறந்தீர்கள்?

அமெரிக்கா இந்தப் பாடத்தை நான்கு ஆண்டுகளில் கற்றது. 1984-இல் அங்குள்ள தடுப்பூசி ஆலோசனைக் குழு, ஆபத்து அதிகமுள்ள பிரிவினரை மட்டும் கர்ப்ப காலத்தில் சோதித்தால் போதும் என்றது. கேள்வி கேட்டுச் சலித்தெடுக்கும் முறை. பிறகு யாரையும் விடாமல் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் வந்தன. கிருமி உள்ள தாய்மாரில் 35 முதல் 65 விழுக்காட்டினர்தான் அந்தச் சல்லடையில் அகப்பட்டிருப்பார்கள் என்று அவை காட்டின. மற்றவர்கள் கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லை’ என்று நேர்மையாகவே பதில் சொல்லக்கூடியவர்கள். 1988-இல் குழு தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டு, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை என்றது. கேள்விகளைக் கூசாமல் கேட்கத் தாதியருக்கு நேரமில்லை, கேட்டாலும் பதில் சொல்லக் கூச்சம் என்பது சல்லடை ஓட்டையானதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆசியாவில் இந்தத் தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு நினைவு தெரியாத வயதில் ஆளானவர்கள். தான் பிறந்த இரவில் தாயிடமிருந்து என்ன வந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

இங்கே கிருமியின் குணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது. ஹெபடைட்டிஸ் பி எந்த வயதில் உள்ளே நுழைகிறது என்பதைப் பொறுத்து அதன் நடத்தை மாறுகிறது. பிறக்கும்போது தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். 1 முதல் 5 வயதுக்குள் தொற்றினால் ஏறத்தாழ 3 பேரில் ஒருவருக்குத் தங்கும். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்தவருக்குத் தொற்றினால் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே தங்கும். மற்றவர்களின் உடல் சில மாதங்களில் அதைத் துரத்திவிடும். பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு இந்தக் கிருமியை அந்நியன் என்று அடையாளம் காணத் தெரியாது. சண்டை இல்லாததால் காமாலையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. முப்பது ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் கல்லீரலில் குடியிருந்துவிட்டு, அந்தப் பெண் கர்ப்பமாகி இரத்தம் எடுக்கும் நாளில்தான் அது முதன்முறை வெளியே தெரிகிறது. ‘எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லையே’ என்ற பதிலுக்கு அதனால்தான் இங்கே மதிப்பில்லை.

ஒரு கர்ப்பிணிக்கு நாள்பட்ட தொற்று இருப்பதாகத் தெரிந்தால், அது அவளுடைய குழந்தைப் பருவத்தில் வந்திருக்கவே வாய்ப்பு மிக அதிகம். திருமணத்துக்குப் பிறகு வந்திருந்தால், 100-க்கு 95 என்ற கணக்கில் உடலே அதை அகற்றியிருக்கும். சோதனைத் தாளைக் காட்டி மனைவியின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கிற கணவனும், கணவனைச் சந்தேகிக்கிற மாமனார் வீடும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அண்மையில் வந்த தொற்றாக இருக்கவே முடியாதா என்றால், முடியும். அதைப் பிரித்தறிய மருத்துவர் கூடுதல் இரத்தச் சோதனை செய்வார், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார். ஆனால் ஆய்வகம் சொல்ல வேண்டியதைச் சந்தேகம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

இனி அந்த இரண்டு கேள்விகளுக்கு வருவோம். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் வாழும் தமிழ்ப் பெண்கள் ஒரே மொழி பேசினாலும் தடுப்பூசி வரலாற்றில் ஒரே நாட்டவர் அல்லர். சிங்கப்பூர் 1985 அக்டோபரில் கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கி, 1987 செப்டம்பரில் பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் அதை விரிவாக்கியது. அதற்கு முன் பிறந்து விடுபட்ட மாணவர்களைத் தேடி 2001 முதல் நான்கு ஆண்டுகள் ஊசி போட்டார்கள். மலேசியா 1989-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கியது. இந்தியாவிலோ 2002-இல் சில இடங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2007-08-இல் தமிழ்நாடு உட்பட 10 மாநிலங்களுக்கு வந்து, 2011-க்குப் பிறகே நாடு முழுவதும் பரவியது. 1995-இல் பிறந்த மூன்று பெண்கள் இன்று ஒரே மின்தூக்கியில் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் பிறந்தவர் முதல் நாளே ஊசி பெற்றிருப்பார். ஜோகூரில் பிறந்தவரும் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். கணவரின் வேலைக்காகப் புதுக்கோட்டையிலிருந்து வந்தவர், பெற்றோர் தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டிருந்தாலொழிய, பெற்றிருக்க மாட்டார். மூவரின் பழக்கவழக்கமும் ஒன்றுதான். வேறுபாடு பிறந்த இடம் மட்டுமே. முன்னே போனால் இது இன்னும் தெளிவாகும். சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில், எருமைக் கொட்டில் என்று பொருள்படும் பெயர் கொண்ட கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை அது. அந்தத் தாய்மாரில் ஒருவருக்குக்கூட இந்தச் சோதனை நடந்திருக்க முடியாது. ஆய்வாளர் புளும்பர்க் இந்தக் கிருமியின் மேலுறைப் புரதத்தைப் பற்றி எழுதியது 1965-இல். அது எந்த நோயோடு தொடர்புடையது என்று தெளிவாகவே மேலும் சில ஆண்டுகள் ஆயின. அன்று பிறந்த குழந்தைகள் இன்றைய கர்ப்பிணிகளின் தாய்மார், மாமியார்.

‘இது சீனர்களிடம் அதிகம், நம்மிடம் குறைவுதானே’ என்று ஒரு மறுப்பு வரும். சிங்கப்பூரில் 2010-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் வளர்ந்தவர்களிடம் இந்தத் தொற்று 3.6 விழுக்காடு, இந்தியர்களிடம் அது சீனர்களைவிடக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் சராசரி ஒரு சமூகத்துக்குச் சொல்லப்படுவது, ஒரு குழந்தைக்கு அல்ல. தாயிடம் கிருமி இருந்தால் அந்தக் குழந்தைக்கு ஆபத்து சமூக சராசரியால் குறையாது. ‘நான் இங்கேயே பிறந்து ஊசி போட்டவள்’ என்பது இரண்டாம் மறுப்பு. தடுப்பூசி மிக நல்லது. ஆனாலும் எல்லாருடைய உடலும் அதற்குப் போதிய எதிர்ப்பை உண்டாக்குவதில்லை, ஊசிக்கு முன்பே பிரசவத்தில் தொற்றியிருந்தால் ஊசி அதை அழிப்பதும் இல்லை. ஒரு குழாய் இரத்தம் இந்த விவாதத்தையே தேவையற்றதாக்கிவிடும். ஒரு சிறு எச்சரிக்கை: தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் இந்தச் சோதனை செய்தால் ஊசியில் உள்ள புரதமே இரத்தத்தில் தெரிந்து, இருக்கிறது என்று பொய்யாகக் காட்டலாம். அண்மையில் ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது மறுப்புக்குத்தான் உண்மையில் எடை இருக்கிறது. இங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் எப்படியும் ஊசி போடுகிறார்களே, பிறகு தாயைச் சோதித்து வீட்டில் ஏன் கலவரம்? ஊசி மட்டும் போதாது என்பதே பதில். கிருமி வேகமாகப் பெருகும் தாய்க்கு, அதாவது ‘இ ஆன்டிஜன்’ உள்ளவருக்கு, எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் 10 குழந்தைகளில் 7 முதல் 9 பேருக்குத் தொற்று போகும். அது இல்லாத தாய்க்கு 1 முதல் 4 பேருக்கு. பிறந்தவுடன் தொடங்கும் தடுப்பூசி தனியாகவே இதில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. ஆனால் கிருமி மிகுந்த தாய்மாரின் குழந்தைகள்தான் அதையும் தாண்டி விடுபடுபவர்கள். அதனால் கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசியோடு, மற்றொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பொருளையும் பிறந்த 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தடுப்பூசி உடலுக்குச் சண்டை கற்றுக்கொடுக்கிறது, அதற்குச் சில வாரங்கள் ஆகும். இம்யூனோகுளோபுலின் அதுவரை காவலுக்கு நிற்கும் கூலிப்படை. இது எல்லாக் குழந்தைக்கும் போடுவதல்ல. தாயின் முடிவு தெரிந்தால்தான் பிரசவ அறையில் அது தயாராக இருக்கும். தாய்க்கும் இந்தச் சோதனையால் பயன் உண்டு: தைவானில் பீஸ்லி என்ற ஆய்வாளர் 22,707 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்து 1981-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலைக் கவனித்தால் பெரும்பாலோர் நிம்மதியாக வாழலாம். கவனிக்க, முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஊசி இரண்டும் போட்டும் தொற்றும் சில குழந்தைகளின் தாய்மாரிடம் கிருமியின் அளவு மிக அதிகமாக இருக்கும். அதனால் முடிவு ‘இருக்கிறது’ என்று வந்தால் அடுத்த சோதனை, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் எவ்வளவு கிருமி என்று பார்ப்பது. 2,00,000 அலகைத் தாண்டினால் ஏறத்தாழ 28-ஆம் வாரத்திலிருந்து பிரசவம் வரை டெனோஃபோவிர் மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. கர்ப்பத்தில் மாத்திரையா என்று தயங்குவது இயல்பு. எச்ஐவி உள்ள கர்ப்பிணிகள் இதே மருந்தைப் பல ஆண்டுகளாக உட்கொண்டு வருவதால் இதைப் பற்றிய அனுபவம் ஏராளமாகச் சேர்ந்திருக்கிறது. 2016-இல் வெளியான சீன ஆய்வில், கடைசிவரை ஆய்வில் நீடித்தவர்களில் மாத்திரை உட்கொண்ட தாய்மாரின் குழந்தை ஒன்றுக்குக்கூடத் தொற்றவில்லை. உட்கொள்ளாதவர்களின் குழந்தைகளில் 7 விழுக்காட்டுக்குத் தொற்றியது. 2018-இல் வந்த தாய்லாந்து ஆய்வு இதைச் சற்று நிதானப்படுத்துகிறது. அங்கே மாத்திரைக் குழுவில் 147 குழந்தைகளில் யாருக்கும் இல்லை. மருந்தில்லாத போலி மாத்திரைக் குழுவில் 147-இல் 3 பேருக்கு. புள்ளியியல்படி பெரிய வேறுபாடு என்று சொல்ல முடியாத அளவு. ஏன் என்றால் அங்கே குழந்தை பிறந்து ஓரிரு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசியும் போய்விட்டன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஊசி எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது, அந்த விரைவு உறுதியில்லாத இடத்தில் மாத்திரையின் மதிப்பு கூடுகிறது. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் சிலருக்குக் கல்லீரல் சீண்டப்பட்டு நொதியளவு ஏறுவதுண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்பது அதனால்தான்.

கீழாநெல்லி பற்றிப் பேசாமல் ஒரு தமிழ் வீட்டில் கல்லீரலைப் பற்றிப் பேச முடியாது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமல்ல. அது முறையாகவே சோதிக்கப்பட்ட மூலிகை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் செய்து, நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் பெயர் சேர்த்த ஆய்வு 1988-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 30 நாட்கள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. ஆனால் பிற நாடுகளில் அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. பின்வந்த தொகுப்பாய்வுகளும் நம்பத்தகுந்த பலன் இருப்பதாகச் சொல்லவில்லை. ஓர் ஆய்வு வியக்க வைக்கலாம், நம்ப வைக்கப் பல ஆய்வு வேண்டும். கர்ப்பத்தில் இதன் பாதுகாப்பு நிறுவப்படவும் இல்லை. பாட்டி அரைத்துக் கொடுத்தால் மனம் நோகாமல் மறுத்துவிடுவது நல்லது.

மலாய் மொழியில் ‘பாத்தோக்’ என்பது இருமல். குன்றில் பாறை உடைத்த ஓசை இருமலாய்க் கேட்டதால் புக்கிட் பாத்தோக்குக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. பெயர் எப்படியானாலும், இந்தக் கிருமி இருமலால் பரவாது. ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டியணைப்பது, முத்தமிடுவது, ஒரே கழிப்பறை எதனாலும் பரவாது. மருமகளுக்குத் தனித் தம்ளர் வைக்கும் வழக்கத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்; முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை மருத்துவரிடமோ தாதியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. இரத்தம்தான் வழி, உடலுறவும் வழி. உலர்ந்த இரத்தத்தில்கூட ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கும் என்பதால் சவரக்கத்தி, பல் துலக்கி, நகவெட்டி தனித்தனியாக இருக்கட்டும். குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்போது புது பிளேடு, புது ஊசி என்று கேட்கத் தயங்க வேண்டாம். 2009-இல் குஜராத்தின் மொடாசா பகுதியில் பயன்படுத்திய ஊசிக்குழாய்களை மறுபடி பயன்படுத்தியதால் இந்த நோய் பரவிப் பலர் இறந்தார்கள்.

தொடக்கத்தில் ஒதுக்கி வைத்த பட்டியலுக்கு இப்போதுதான் வேலை. தாய்க்கு இருந்தால் அவளுடைய தாயிடமும் உடன்பிறந்தோரிடமும் இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் அந்தத் தாயிடமிருந்தே பிரசவத்தில் பிள்ளைகள் எல்லாருக்கும் தொற்று வந்திருக்கலாம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு தேவை. மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும், கணவரையும் சோதித்து, தொற்று இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி போட வேண்டும். இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த நாளில் ஒன்று, பிறகு 2, 6 மாதங்களில் மற்ற ஊசிகளோடு சேர்ந்த கூட்டு ஊசி; புக்கிட் பாத்தோக் வெஸ்ட் அவென்யூ 3-இல் உள்ள பலதுறை மருந்தகத்திலேயே தொடரலாம். 9 முதல் 12 மாதத்துக்குள் குழந்தைக்கு ஒரு இரத்தச் சோதனை: தொற்று இல்லை என்பதும், எதிர்ப்பு வந்துவிட்டது என்பதும் அப்போதுதான் உறுதியாகும். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் பிறந்தநாள் ஏற்பாடுகளுக்கு நடுவே அது காணாமல் போகிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து விமானம் ஏறும் அதே வாரத்தில்தான் மாத்திரை தொடங்க வேண்டிய கெடுவும் வருகிறது, விமான நிறுவனங்கள் மருத்துவர் சான்று கேட்பதும் அப்போதுதான். எனவே கிருமி அளவுச் சோதனையின் முடிவு அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். 24-ஆம் வாரத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். மருத்துவரிடம் ஒரு கடிதம் பெறுங்கள்: தொற்று உண்டு, கிருமி அளவு இவ்வளவு, மாத்திரை இந்த நாளில் தொடங்கியது, குழந்தைக்கு இரண்டு ஊசியும் உடனே வேண்டும் என்று அதில் இருக்கட்டும். கடிதத்தைக் கைப்பேசியிலும் பைக்குள்ளும் வைத்திருங்கள். திருச்சியிலோ தஞ்சையிலோ பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையில் தடுப்பூசி இருக்கும், இம்யூனோகுளோபுலின் எப்போதும் இருப்பில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அது விலை அதிகம், 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது, வலி எடுத்த இரவில் மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பித் தேடுகிற பொருளல்ல. வளைகாப்பு நாள் குறிக்கும்போதே மருத்துவமனையைக் கேட்டு, இல்லையென்றால் முன்பணம் கட்டி வரவழைத்து அவர்களுடைய குளிர்பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.